பத்துக்குப் பத்து

போன வாரம் பாலத்தின் நடுவில் நின்றுபோன மோட்டார் சைக்கிள், சர்வீஸ் சென்டரில் ஒரே ஒரு தடவை நின்றுபோயிருந்தால் இந்தக் குடும்பம் இத்தனை பாடு பட்டிருக்காது. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் அது ஒழுங்காக ஓடியது. வகுப்பில் கைகட்டி உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வீட்டையே தலைகீழாக்கும் பிள்ளையைப் போல.

பாலத்தில் நின்றபோது பின்சீட்டில் கட்டியிருந்த குளிர்பெட்டியில் சோதனைக்கான ரத்தம் நிரப்பிய பதினோரு குழாய்கள் இருந்தன. வண்டி சூடு ஆறி, மனம் இரங்கி, மறுபடி கிளம்பி லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவற்றில் மூன்று கெட்டுவிட்டிருந்தன. மூன்றில் ஒன்று, சிறுநீரகம் பழுதான ஓர் ஆசிரியையுடையது. இரண்டு கைகளிலும் நரம்பு தேடி, நாலாவது குத்தில் கிடைத்த ரத்தம். மறுநாள் அதே வீட்டுக்குப் போய், அதே கைகளில் மறுபடி தேட வேண்டியிருந்தது.

"பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவே" என்று அந்த ஆசிரியை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். அந்தப் 'பரவாயில்ல' ஒரு வாரமாக இந்த வீட்டு மகளுடன் கூடவே வந்துகொண்டிருந்தது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. லேபில் வைத்த பெயர் ஊசி. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவை குழாய் கெட்டுச்சுன்னா உன்னை வெளி வேலையிலேர்ந்து எடுத்துடுவேன், ஊசி" என்று லேப் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "ஒழுங்கான வண்டி வச்சிருக்கவங்க வெளியே வரிசையில நிக்கிறாங்க."

வண்டிக்கு இரண்டு வருட வாரண்டி. அது நாளையோடு முடிகிறது. நாளை சர்வீஸ் சென்டருக்கு விடுமுறை. ஆக, மிச்சம் இருந்தது இன்றைய ஒரு பகல்தான்.

*

"டைக்காரர் இன்னைக்கு என்ன சொல்லப் போறாராம்?" என்று கேட்டாள் அம்மா. தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாரோ ஒருவருடைய பேன்ட் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "முதல் தடவை பெட்ரோல் சரியில்லன்னார். அப்புறம் பிளக். அப்புறம் ரோடு."

"நாலாவது தடவை நான்" என்றாள் ஊசி, ஹெல்மெட்டைத் துடைத்தபடி. "பொண்ணுங்க கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாங்களாம்."

"அஞ்சாவது தடவை வெயில். இன்னைக்கு வண்டிக்கு மனசு சரியில்லன்னு சொல்வார் பாரு."

டைக்காரர் என்பது சர்வீஸ் சென்டரில் வண்டிகளை வாங்கிக் குறித்துக்கொள்ளும் இளைஞனுக்கு அம்மா வைத்த பெயர். எண்ணெய் நாற்றமடிக்கும் இடத்தில் காலை முதல் மாலை வரை சிவப்பு டை கட்டிக்கொண்டு நிற்பவன்.

"பாவம், அவரும் சம்பளத்துக்குத்தானே வேலை பாக்கறார்" என்றார் அப்பா. மேசை மேல் வண்டிக் காகிதங்களைப் பரப்பி, ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு உலகத்துல எல்லாரும் பாவம். நம்ம பொண்ணைத் தவிர."

அப்பா பதில் சொல்லவில்லை. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் புகார்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற மாதம் மகளுக்கு வாங்கித் தந்த வண்டி இது. அவர் பெயரில் இருந்தது. பதிவுப் புத்தகத்திலும் சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரிலும் அவருடைய போன் நம்பர்தான்.

"வாரண்டி அட்டை கிடைக்கலன்னா போன்ல இருக்கான்னு பாருங்க" என்றாள் அம்மா. "வண்டி வந்த அன்னைக்கு நாப்பது போட்டோ எடுத்தாரு, ஊசி. குனிஞ்சு, படுத்து, மண்டி போட்டு. எங்க கல்யாணத்துக்கே பதினெட்டுதான்."

"அட்டை இருக்கு" என்றார் அப்பா.

ஊசி திட்டத்தைச் சொன்னாள். காலை ஆறு வீடு. லேபில் பெட்டியைக் கொடுத்ததும், வண்டியை அணைக்காமல் வெளிவட்டச் சாலையில் ஏறிச் சுற்றுவாள். முப்பத்தெட்டு, நாற்பது நிமிடத்தில் இன்ஜினுக்குள் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். எவர்சில்வர் மூடியில் ஸ்பூனால் தட்டுவது போல. அது ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் வண்டி செத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்துவிட வேண்டும்.

"அவங்க கண்ணு முன்னாடி நிக்கட்டும். அப்பா, நீங்க பஸ்ல வந்துடுங்க. கையெழுத்து உங்களோடதுதான் வேணும்."

"ஒரு வார்த்தை மட்டும்" என்றார் அப்பா. "சத்தம் போடாதே. நயமாப் பேசினா நடக்கும்."

"அஞ்சு தடவை நயமாத்தான் பேசினேன்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தச் சின்ன சத்தம் அவள் கருத்தைச் சொல்லப் போதுமானதாக இருந்தது.

*

சத்தம் முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்டு ஊசிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு காய்ச்சல்காரனைத் தோளில் சாய்த்து டாக்டரிடம் கூட்டிப் போவது போல வண்டியைப் பதமாக ஓட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ரெண்டு சிக்னல், இப்ப செத்துடாதே.

சர்வீஸ் சென்டர் வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

"உள்ள இன்ஜின் ஓடக் கூடாது மேடம். அணைச்சுட்டு டோக்கன் வாங்கிட்டு வாங்க."

"அணைச்சா பிரச்சினை தெரியாதுண்ணே. ஓடிக்கிட்டே இருக்கும்போது யாராவது வந்து பாக்கணும்."

"ரூல்ஸ் மேடம். நான் என்ன பண்றது?"

அவள் வண்டியை அணைத்து ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். டோக்கன் தரும் ஜன்னலில் அவளுக்கு முன்னால் நாலு பேர். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னதை ஜன்னலுக்குள் இருந்தவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் வண்டியைக் காணோம்.

கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் அவள் வண்டியை மேடை மேல் ஏற்றி, தண்ணீர்த் துப்பாக்கியை இன்ஜினுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஊர் சுற்றிச் சேர்த்த சூடு முழுவதும் வெள்ளை ஆவியாகக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். பயந்துபோய்ப் பார்த்தார்.

"யாரு கழுவச் சொன்னது?"

"எந்த வண்டி வந்தாலும் முதல்ல வாஷ்தான் மேடம். அப்புறம்தான் உள்ளயே விடுவாங்க."

ஊசி அங்கேயே ஈரத்தில் நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஐந்து தடவையும் இதுதான் நடந்திருக்கிறது. முதலில் தண்ணீர். பிறகு இரண்டு மணி நேரம் வரிசையில். பிறகு ஆறிப்போன வண்டியில் யாரோ ஒருவர் ஏறி, தெருவைச் சுற்றி ஏழு நிமிடத்தில் வந்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். சூடானால் மட்டும் வரும் வியாதியை, ஒவ்வொரு தடவையும் குளிப்பாட்டிக் குளிரவைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்கள்.

*

மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காபி. பக்கத்தில் டைக்காரன் பணிவாக நின்றிருந்தான்.

"அங்கிள் சொன்னார் மேடம்" என்று மேனேஜர் சிரித்தார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா அஞ்சு தடவை வந்திருக்கீங்க, அஞ்சு தடவையும் நாங்க பாத்திருக்கோம்."

"பாக்கல. கழுவியிருக்கீங்க."

"சாரி?"

"நாப்பது நிமிஷம் ஓடினா நிக்கிற வண்டியை ஏழு நிமிஷம் ஓட்டிப் பாக்கறதுக்குப் பேரு பாக்கறதா? இன்ஜினைத் திறந்து பாருங்க. வாரண்டியில மாத்திக் குடுங்க. அதுதான் கேக்கறேன்."

"இன்ஜினைத் திறக்கறதுன்னா கம்பெனி பர்மிஷன் வேணும். அதுக்கு முன்னாடியே புகார் பதிவாகியிருக்கணும். உங்க வண்டி மேல ஒரு புகாரும் இல்லையே மேடம்."

"அஞ்சு தடவை சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கலாம்." மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க. கம்பெனியிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்கு அப்புறமும் கஸ்டமருக்குப் போன் பண்ணி மார்க் கேப்பாங்க."

திரையில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்து தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே எண்.

பத்துக்குப் பத்து. பத்துக்குப் பத்து. முழு திருப்தி.

"எனக்கு யாரும் போன் பண்ணலையே" என்றாள் ஊசி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விடை தெரிந்துவிட்டது.

அப்பா காபிக் கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஷோரூமில் புது வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு தூசு இல்லை. அவற்றின் நடுவில் அப்பாவும் மகளும் நின்றார்கள்.

"சொல்லுங்க" என்றாள் ஊசி.

"அந்தப் பையன் கேட்டான்மா. ஒவ்வொரு தடவையும் நான் வண்டியைத் திரும்ப எடுக்க வரும்போது கேப்பான். 'அங்கிள், போன் வரும், பத்து சொல்லுங்க. ஒன்பது சொன்னாக்கூட எங்களுக்கு அது பூஜ்யம் மாதிரி. மறுநாள் நிக்க வச்சு திட்டுவாங்க'ன்னு."

"சொல்லிட்டீங்க."

"நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்மா. முப்பத்தோரு வருஷம். சேத்துத் தண்ணியை பாட்டில்ல கொண்டுவந்து என் மேசையில கொட்டிட்டுப் போவாங்க. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் என்னைப் பத்தி நல்லதா எழுதினது இல்ல. ஒரு நம்பர்தானே, வாயால சொல்ற ஒரு நம்பர், குடுத்தா என்ன போகுதுன்னு நினைச்சேன்."

"என்ன போச்சுன்னு இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

"நான் பாலத்துல நின்னேன்பா. லாரி உரசிக்கிட்டுப் போகுது, பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த டீச்சரம்மா கையில மறுபடி ஊசி குத்தினேன். அவங்க கையைப் பாத்திருக்கீங்களா நீங்க?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அந்தப் பையனுக்குப் பத்து குடுத்தீங்க. எனக்கு எத்தனைப்பா?"

அப்பா ஒரு புது வண்டியின் கைப்பிடியைத் தொட்டார். பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரிக்காமல் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

"வா" என்றார்.

"எங்க?"

"புகார் எழுத."

அப்பா நடந்த நடையை ஊசி இதற்கு முன் பார்த்ததில்லை. அலுவலகத்துக்குள் இப்படித்தான் நடப்பாரோ என்னவோ. டைக்காரனின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய ஐந்து ஜாப் கார்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்தார். வண்டியில் என்ன கோளாறு, என்ன வேலை என்று எழுதிக் கையில் கொடுக்கும் சீட்டுகள்.

"தம்பி, இதுல 'வாடிக்கையாளர் சொன்னது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அஞ்சுலயும் 'பொது சர்வீஸ்'னு எழுதியிருக்கீங்க. என் பொண்ணு 'பொது சர்வீஸ்'னா சொன்னா?"

"அங்கிள், அது ஒரு வழக்கம்தான். உள்ள என்ன பாக்கணுமோ பாத்துடுவோம்."

"வழக்கம்" என்றார் அப்பா. "எங்க ஆபீஸ்லயும் ஒரு வழக்கம் இருந்தது. 'பார்வையிடப்பட்டது, அழுத்தம் சரியாக உள்ளது'ன்னு எழுதுவோம். முப்பத்தோரு வருஷத்துல எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் தெரியுமா? அதுக்கு அர்த்தம், யாரும் போய்ப் பாக்கலன்னு."

டைக்காரன் டையைச் சரிசெய்துகொண்டான்.

"எத்தனையோ வீட்டுல அன்னைக்குத் தண்ணி வந்திருக்காது" என்று அப்பா தனக்கே சொல்வது போலச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "புது கார்டு எடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க. 'நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓடினால் இன்ஜினில் உலோகச் சத்தம் வருகிறது. பிறகு இன்ஜின் நின்றுவிடுகிறது. ஆறினால்தான் கிளம்புகிறது.'"

"ஸ்டார்ட்டிங் பிராப்ளம்னு போட்டுடறேன் அங்கிள். அதேதான்."

"அதே இல்ல. நான் சொன்ன வார்த்தை."

"கட்டத்துல அவ்வளவு இடம் இல்ல."

"பொடியா எழுதுங்க."

அவன் எழுதினான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதிக்குக் கீழே நேரத்தையும் எழுதினார்.

"டெஸ்ட் ரைடு எடுத்துடுவோம்" என்றான் டைக்காரன். "நம்ம ரூட்டு மூணு கிலோமீட்டர்."

"என் ரூட்டு நாப்பது நிமிஷம்" என்றாள் ஊசி, தன் இன்னொரு ஹெல்மெட்டை அவன் மடியில் வைத்து. "நீங்க பின்னாடி உட்காருங்க."

அவன் மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தான். மேனேஜர் தலையை அசைத்தார். போ, ஓட்டித் தொலைத்துவிட்டு வா என்ற அசைப்பு.

*

ஏழாவது நிமிடம், சர்வீஸ் சென்டருக்குத் திரும்பும் வழக்கமான திருப்பம் வந்தது. டைக்காரனின் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஊசி நேராகப் போனாள்.

"மேடம், நல்லாத்தானே ஓடுது."

"ஏழு நிமிஷம்தான் ஆச்சு."

வெளிவட்டச் சாலையில் அவன் டை தோளுக்கு மேல் பறந்து அவள் ஹெல்மெட்டில் பட்டது. அவன் அதைப் பிடித்து சட்டைக்குள் செருகிக்கொண்டான். இருபது நிமிடம். முப்பது. கழுவப்பட்ட வண்டி, புதுசு போலப் பளபளத்துக்கொண்டு ஓடியது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இது நிற்காமலே ஓடிவிட்டால்?

"எங்கப்பாகிட்ட நீங்கதானே பத்து கேட்டீங்க?" என்றாள், திரும்பாமல்.



"எல்லார்கிட்டயும் கேப்போம் மேடம். கேக்கச் சொல்வாங்க."

"வண்டி சரியாகலன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே கேட்டீங்க."

"உங்கப்பா ஒருத்தர்தான் மேடம் திட்டாம குடுத்தார்."

"அதனாலதான் அவரையே அஞ்சு தடவை கேட்டீங்க."

நாற்பது நிமிடம் தாண்டியது. நாற்பத்திரண்டு. தண்ணீர் ஊற்றிய குளிர்ச்சி எங்கேயோ உள்ளே மிச்சம் இருந்திருக்க வேண்டும். திரும்பி சர்வீஸ் சென்டர் இருக்கும் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் அதன் பெயர்ப்பலகை கூடத் தெரிந்துவிட்டது.

அப்போது இன்ஜினுக்குள் யாரோ மெல்ல ஸ்பூனை எடுத்தார்கள்.

"கேக்குதா?" என்றாள் ஊசி.

"என்னது?"

"கேக்குதா, இல்லையா?"

அவன் முன்னால் சாய்ந்து, காதைக் கீழே கொண்டுவந்தான். பிறகு, யாரோ அவனிடமிருந்து பிடுங்குவது போல, "கேக்குது" என்றான்.

*

இதற்குள் அப்பாவின் போன் அடித்தது.

அவர் ஷோரூம் சோபாவில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்ணின் குரல். எழுதி வைத்ததைப் படிக்கிற குரல்.

"வணக்கம் சார். உங்க வண்டி இன்னைக்கு சர்வீஸ் முடிஞ்சு உங்ககிட்ட ஒப்படைக்கப்பட்டதா பதிவாகியிருக்கு. உங்க அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

அப்பா எழுந்து நின்றார். கண்ணாடிக்கு வெளியே முற்றம். அவர் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"ஒப்படைச்சாங்களா? எப்ப?"

"அரை மணி நேரம் முன்னாடி சார். 'ஓட்டிப் பார்த்ததில் குறை எதுவும் இல்லை'ன்னு கார்டு முடிச்சிருக்காங்க."

வண்டி வாசலைத் தாண்டியதுமே முடித்திருக்கிறார்கள். மகள் இன்னும் ரோட்டில் இருக்கிறாள். இங்கே வேலை முடிந்துவிட்டது. அப்பா மேனேஜரின் அறையைப் பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். இன்னொரு காபி வந்து பக்கத்தில் வைக்கப்பட்டது. இந்தத் தடவை இரண்டு பிஸ்கட்டோடு.

"சார்? பத்துக்கு எத்தனை சார்?"

பத்து என்பது அவர் நாக்கில் தானாக வந்து உட்காரும் சொல். சலூனில், வங்கியில், மருந்துக் கடையில், யார் கேட்டாலும் பத்து. அதைக் கொடுத்ததும் எதிரில் இருப்பவர் முகம் தளர்வதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி. தனக்கு யாரும் தராததைத் தான் தந்துவிட்ட நிம்மதி.

"உனக்கு ஏதும் மார்க் குறையாதே?" என்று கேட்டார்.

"எனக்கா? இல்ல சார். நான் கேக்கறது மட்டும்தான்."

"அப்ப பூஜ்யம்னு எழுதும்மா."

மறுமுனையில் விரல்கள் நின்றன.

"சார், பூஜ்யம் சொன்னா காரணம் கேட்டு அப்படியே டைப் பண்ணணும். அது நேரா தலைமை ஆபீஸுக்குப் போயிடும். அவங்க ஆள் அனுப்பிப் பாக்காம அதை மூட முடியாது. பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் சொல்றேன். நான் சொல்ற வார்த்தையிலேயே எழுது. மெதுவாச் சொல்றேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். டைப் செய்கிறவரின் வேகம் அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். நாற்பது நிமிடம், உலோகச் சத்தம், ஐந்து ஜாப் கார்டுகள், தண்ணீர்த் துப்பாக்கி. கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: "இதற்கு முன் நான் கொடுத்த ஐந்து பத்துகளும் பொய். வற்புறுத்தலால் கொடுத்தது. அதற்கு நானும் பொறுப்பு."

"அதையுமா சார்?"

"அதையும்தான்."

புகார் எண்ணை அவர் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். வாரண்டி முடிய ஒரு நாள் மீதம் இருக்கும்போது பதிவான எண். காபியைத் தொடவில்லை.

போனை வைத்தபோது வாசலில் காவலாளி ஓடுவது தெரிந்தது. கேட் திறந்தது. முன்னால் கைப்பிடியைப் பிடித்தபடி ஊசி. பின்னால், இரண்டு கைகளாலும் சீட்டைத் தள்ளிக்கொண்டு, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிப்போய், டைக்காரன். டை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"உள்ள இன்ஜின் ஓடக் கூடாதுன்னீங்களே" என்றாள் ஊசி காவலாளியிடம். "ஓடல."

*

தண்ணீர்த் துப்பாக்கியோடு வந்த ரப்பர் பூட்ஸ்காரரை ஒரு கை தடுத்தது.

அது தலைமை மெக்கானிக்குடையது. காதில் பென்சில் செருகிய, அதிகம் பேசாத மனிதர். அவர் வண்டியின் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை இன்ஜினுக்கு ஓரங்குல தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சூடா ஒரு தடவைகூட என்கிட்ட வந்ததில்லையே இது" என்றார். "கார்டுல பொது சர்வீஸ்னுதான் இருக்கும். ஆயிலை மாத்திட்டு விட்டுடுவேன்." சொல்லும்போது அவருக்கும் கோபம் வந்திருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பிறகு டார்ச்சை எடுத்து இன்ஜினின் தலைப்பகுதியில் அடித்தார். அடித்தவர் அப்படியே இருந்தார்.

"என்னண்ணே?"

"இங்க வாம்மா. இந்த போல்ட்டைப் பாரு. கம்பெனியில இறுக்கி முடிச்சதும் போல்ட்டுக்கும் பாடிக்கும் சேத்து மஞ்சள் கோடு ஒண்ணு இழுப்பாங்க. போல்ட்டைத் திருப்பினா கோடு உடைஞ்சுடும்."

நாலு போல்ட்டுகள். நாலிலும் மஞ்சள் கோடு பாதி ஒரு திசையிலும் பாதி வேறு திசையிலுமாக இருந்தது. ஓரத்தில் செங்கல் நிறத்தில் பசை கசிந்து, காய்ந்து, கல்லாகியிருந்தது.

"இந்தப் பசை கம்பெனியோடது இல்ல" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "யாரோ திறந்து மூடியிருக்காங்க. வெளியில எங்கயாவது குடுத்தீங்களா?"

"இதைத் தவிர வேற இடத்துக்குப் போனதே இல்ல."

"இங்கயும் திறக்கல. திறந்திருந்தா நான்தான் திறந்திருப்பேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "புது வண்டின்னு சொல்லித்தானே குடுத்தாங்க?"

ஊசி வாய் திறப்பதற்குள் அப்பா போனை எடுத்துவிட்டிருந்தார். இரண்டு வருடம் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். வண்டி வந்த நாள். நாற்பது படங்கள். நின்று எடுத்தவை, குனிந்து எடுத்தவை. பதினேழாவது படம், இதே ஷோரூமின் தரையில் மண்டியிட்டு எடுத்தது. இன்ஜின் நெருக்கத்தில், பளபளவென்று.

அப்பா இரண்டு விரலால் படத்தை விரித்தார். ஊசியும் மெக்கானிக்கும் இரு பக்கமும் குனிந்தார்கள்.

செங்கல் நிறப் பசை ஈரமாக மின்னியது. மஞ்சள் கோடு அன்றைக்கே உடைந்திருந்தது. "பழுது பாத்த வண்டியைத்தான் புதுசுன்னு வித்திருக்காங்க" என்றார் மெக்கானிக்.

அப்பா அடுத்த படத்துக்குத் தள்ளினார். பதினெட்டாவது படத்தில், ஊசியிடம் சாவியை நீட்டிக்கொண்டு, அகலமாகச் சிரித்தபடி நின்றிருந்தார் மேனேஜர்.

மூவரும் ஒரே நேரத்தில் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. கோப்புகள் வைத்திருக்கும் பின் அறையின் கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது.